நாலு நாள் கடன் மண்

அயர்லாந்தில் மருவுக்கும் அக்கிக்கும் கக்குவான் இருமலுக்கும் மருந்துக் கடையைத் தாண்டி இன்னொரு வழியும் உண்டு. அது பண்ணை வீட்டிலும் கிணற்றடியிலும் கல்லறையிலும் கிடைக்கும். விலை கிடையாது. நன்றி சொல்லவும் கூடாது.

எழுதுவது போஹோ. உச்சரிப்பது 'போ'. தமிழ்க் காதுக்கு விரட்டுவது போல ஒலிக்கும் இந்தச் சிற்றூர் வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்தில், என்னிஸ்கில்லன் நகருக்குத் தென்மேற்கே 11 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், பாறைக்கு அடியில் குகைகள், மேலே புல்வெளி, அதில் மாடுகள், எந்த நிமிடமும் வரலாம் என்று மிரட்டும் மழை. சுற்றுலாப் பயணிகள் குகைகளைத் தேடி வருகிறார்கள். பல்வலிக்காரர்கள் திரு இருதய ஆலயத்துக்கு வருகிறார்கள்.

ஆலயத்தை ஒட்டிய மயானத்தில் ஜேம்ஸ் மெக்கிர் என்ற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. 1815இல் இறந்தவர். நோய் தீர்க்கும் கைராசி உள்ளவர் என்று பெயரெடுத்தவர். உயிரோடு இருக்கையில் தான் எதையெல்லாம் குணமாக்கினாரோ, அதையெல்லாம் தன்னை மூடும் மண்ணும் குணமாக்கும் என்று சாகும் தறுவாயில் அவர் சொல்லிவிட்டுப் போனதாக ஊர் நம்புகிறது. அன்றிலிருந்து மண் எடுக்கிறார்கள்.

எடுப்பதற்கு முறை இருக்கிறது. மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டும். தேக்கரண்டி அளவுக்கு மேல் கூடாது. துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். பூசுவதில்லை, கரைத்துக் குடிப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், நாலாம் நாள் மண்ணைக் கொண்டுவந்து எடுத்த இடத்தில் போட்டுவிட வேண்டும். வைத்துக்கொண்டால் கேடு வரும். அதாவது மருந்து தானமல்ல, கடன்.

இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் அயர்லாந்தின் நாட்டு வைத்தியம் முக்கால்வாசி புரிந்துவிடும். அங்கே யாரும் தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'அவரிடம் குணம் இருக்கிறது' என்பதுதான் பேச்சு வழக்கு. ஒருவரிடம் அக்கிக்குக் குணம் இருக்கும், இன்னொருவரிடம் சுளுக்குக்கு, மூன்றாமவரிடம் படர்தாமரைக்கு. அக்கிக்காரர் படர்தாமரையைத் தொடமாட்டார். பகலெல்லாம் அவர் மாடு மேய்ப்பார், பஸ் ஓட்டுவார், பள்ளியில் பாடம் நடத்துவார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

காசு வாங்கக் கூடாது. வாங்கினால் குணம் போய்விடும். சில இடங்களில் நன்றி என்ற வார்த்தையே ஆகாது. இவராகப் போய்க் குணப்படுத்துகிறேன் என்றும் சொல்லக் கூடாது, நோயாளிதான் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு தடவை போனால் போதாது, மூன்று தடவை போக வேண்டும். குணத்தைக் கைமாற்றுவதிலும் கணக்கு உண்டு. பல குடும்பங்களில் ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும் மட்டுமே சொல்லித் தர வேண்டும். சொல்லித் தந்தவரிடமிருந்து குணம் விலகிவிடும் என்பார்கள். அதனால் கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்து, திறக்காமலேயே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

சொல்லித் தராமலேயே வருகிற குணமும் இருக்கிறது. அது பிறப்பிலேயே வருவது. நடுவில் பெண் பிறக்காமல் வரிசையாகப் பிறந்த ஏழாவது மகனிடம் குணம் உண்டு. அவனுடைய தகப்பனும் ஏழாவது மகன் என்றால் கேட்கவே வேண்டாம். சோதனையும் உண்டு. குழந்தையின் கையில் ஒரு மண்புழுவை வைப்பார்கள், புழு செத்தால் பிள்ளைக்குச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். (புழுவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.) தகப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை, அதாவது தகப்பன் இறந்த பிறகு பிறந்தது, பச்சைக் குழந்தைகளின் வாயில் மூன்று தடவை ஊதினால் வாய்வெள்ளை போய்விடும். கியோ என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களின் ரத்தம் ஒரு சொட்டுத் தடவினால் அக்கி இறங்கும். கியோக்கள் பலர் அந்தக் காலத்தில் அடிக்கடி விரலைக் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கக்குவான் இருமல் வந்தால்தான் கற்பனை சிறகு விரிக்கும். மாதக்கணக்கில் நீடித்துக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நோய். தடுப்பூசி வராத காலத்தில் டாக்டரிடமும் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஆகவே வெள்ளைக் குதிரையில் வருகிற அந்நியன் யாராக இருந்தாலும் ஓடிப்போய் நிறுத்தி, இருமலுக்கு என்ன மருந்து என்று கேட்பார்கள். அவன் வாயில் எது வருகிறதோ அதுதான் மருந்து. வெள்ளைக் குதிரை வைத்திருந்த பாவத்துக்காக எத்தனை வியாபாரிகள் சந்தைக்குத் தாமதமாகப் போனார்களோ. குதிரைக்காரன் அகப்படாவிட்டால் கழுதை. குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே மூன்று தடவை நுழைத்து மறுபக்கம் வாங்குவார்கள். இன்னொரு வழி, கல்யாணத்துக்கு முன்பே கணவனின் குடும்பப் பெயரையே கொண்டிருந்த பெண்ணைத் தேடிப் பிடித்து அவள் கையால் ரொட்டி வாங்கித் தருவது. மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட் குடித்து மீதம் வைத்த பாலும் உண்டு.

கண்கட்டிக்கு கூஸ்பெரிச் செடியின் முள் பத்து வேண்டும். ஒன்பதைக் கட்டிக்கு நேரே ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டிவிட்டு, பத்தாவதைத் தூக்கியெறிய வேண்டும். சுளுக்குக்கு ஒன்பது முடிச்சுப் போட்ட நூல். மருவுக்குச் செய்வதைத் தனிப் புத்தகமாகவே போடலாம். நத்தையைத் தேய்த்து அதை முள்ளில் குத்தி வைத்தால் நத்தை வாட வாட மரு வாடும். பாறைக் குழியில் தேங்கிய மழைநீரில் கையை நனைத்தால் உதிரும். ஒரே நிபந்தனை, அந்தக் குழியைத் தேடிப் போயிருக்கக் கூடாது, வேறு வேலையாகப் போகையில் தற்செயலாகக் கண்ணில் பட வேண்டும். மரு தானாகவே மறையக்கூடியது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். தற்செயலுக்குக் காத்திருக்கச் சொன்ன கிழவிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தீப்புண்ணுக்கான வழி கொஞ்சம் தைரியசாலிகளுக்கு உரியது. பல்லியையோ, பல்லி போலவே இருக்கும் நியூட் என்ற நீர்ப்பிராணியையோ பிடித்து அதன் வயிற்றை நக்க வேண்டும். நக்கியவரின் நாக்குக்குச் சக்தி வந்துவிடும், பிறகு அவர் யாருடைய தீப்புண்ணை நக்கினாலும் ஆறும். அயர்லாந்தில் பாம்பு இல்லை. நாட்டுக்குச் சொந்தமான தரைவாழ் ஊர்வன என்று இருப்பது ஒரே ஒரு பல்லி இனம். அதையும் விட்டுவைக்கவில்லை.

சிரிப்பதற்கு முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேற்குக் கடற்கரைப் பாறைகளில் காரகீன் என்ற செம்பாசி வளர்கிறது. வெயிலில் வெளுக்கக் காயவைத்து, பாலில் கொதிக்கவிட்டுக் கொழகொழவென்று ஆனதும் நெஞ்சுச் சளிக்கும் வறட்டு இருமலுக்கும் கொடுப்பார்கள். தொண்டைக்கு இதமளிக்கும் பசைத்தன்மை அதில் உண்மையாகவே இருக்கிறது. அதே சத்து இன்று உலகம் முழுதும் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கலக்கப்படுகிறது. சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பேக்னம் பாசியைக் கிராமத்தார் காலங்காலமாகக் காயத்தில் வைத்துக் கட்டினார்கள். காய்ந்த பாசி தன் எடையைப் போல 20 மடங்கு வரை ஈரத்தை உறிஞ்சும், அதன் அமிலத்தன்மை கிருமிகளை மட்டுப்படுத்தும். 1914இல் யுத்தம் வந்து பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பிரிட்டிஷ் ராணுவம் இந்தப் பாசியிடம்தான் வந்து நின்றது. டப்ளினில் ராயல் அறிவியல் கல்லூரிக் கட்டடத்தில் பாசியைச் சுத்தம் செய்து, துணிப்பையில் அடைத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பாட்டிகளின் கட்டு ஃபிரான்ஸின் பதுங்கு குழிகள் வரை போய்விட்டு வந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது டாக் இலை. நெட்டில் செடி நம் காஞ்சொறியைப் போலத் தொட்டால் தடித்து எரியும். டாக் இலையைக் கசக்கித் தேய்த்தால் எரிச்சல் அடங்கும் என்று ஐரிஷ் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்கிறார்கள். நெட்டிலின் விஷத்தை முறிக்கும் பொருள் அந்த இலையில் இருப்பதாக இதுவரை உறுதியாகவில்லை. சாற்றின் குளிர்ச்சியும், தேய்க்கும் வேலையில் கவனம் திரும்புவதும் போதுமானதாக இருக்கலாம். அழுகிற குழந்தைக்கு அது பெரிய உதவிதான்.

இந்த வழக்கங்கள் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வெறும் அறியாமை என்று சொல்ல முடியாது. ஐரிஷ் பிரபுக்களின் காலத்தில் பரம்பரை மருத்துவக் குடும்பங்கள் இருந்தன. இன்றும் சர்வசாதாரணமாக வழங்கும் ஹிக்கி என்ற குடும்பப் பெயருக்குக் குணமாக்குகிறவன் என்றுதான் பொருள். தாமண்ட் பகுதியின் ஓ'பிரையன் அரச வம்சத்துக்கு அவர்கள் வைத்தியர்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரபுக்கள் வீழ்ந்தார்கள், மருத்துவர்களுக்குப் படியளக்க ஆளில்லாமல் போனது. பிறகு பஞ்சம் வந்தது. 1851இல் ஒரு சட்டம் போட்டு ஏழைகளுக்கு இலவச மருந்தகங்கள் திறந்தார்கள். அங்கே போகச் சீட்டு வேண்டும், டாக்டர் வீட்டுக்கு வர வேண்டுமானால் சிவப்புச் சீட்டு வேண்டும். சீட்டுக்காக உள்ளூர்ப் பெரிய மனிதர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு 1972 வரை நீடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை. அவர் காசு வாங்காததன் அருமை இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

படித்தவர்கள் எல்லோரும் முகம் சுளிக்கவில்லை. ஆஸ்கார் வைல்டின் தகப்பனார் வில்லியம் வைல்ட் டப்ளினின் பெயர்பெற்ற கண், காது அறுவை மருத்துவர். கிராமத்து நோயாளிகளிடம் கட்டணத்துக்குப் பதிலாகக் கதைகளையும் வைத்திய முறைகளையும் வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். அவர் 1876இல் இறந்தபின், மனைவி ஜேன் அந்தக் குறிப்புகளை ஒழுங்கு செய்து 1887லும் 1890லும் புத்தகங்களாக வெளியிட்டார்.

அதைவிடப் பெரிய அறுவடையைச் செய்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு காரியம் செய்தது. கட்டுரை எழுதும் வகுப்புக்குப் பதிலாக, மேல் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். பேய்க் கதை, பழமொழி, வானிலைக் குறி என்று நீண்ட பட்டியலில் உள்ளூர் வைத்தியமும் ஒன்று. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன, பெரும்பகுதி கணினியில் ஏறிவிட்டது. கோணல்மாணலான கையெழுத்தில் பல்வலியும் மருவும் நத்தையும் வரிசையாக நிற்கின்றன. அந்தத் திட்டம் சுதந்திர அயர்லாந்தின் 26 மாவட்டங்களோடு நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் இருந்துவிட்ட ஃபெர்மனா அதில் இல்லை.

இன்னொன்றும் அதில் இல்லை. இந்தப் பெரியவரிடம் தீப்புண்ணுக்கு மருந்து இருக்கிறது, அந்த அம்மாளிடம் ரத்தப் பெருக்கை நிறுத்தும் வார்த்தை இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். என்ன மருந்து, என்ன வார்த்தை என்ற இடத்தில் நோட்டு மௌனமாகிவிடுகிறது. பேரப்பிள்ளை வீட்டுப்பாடத்துக்காகக் கேட்டாலும் ரகசியம் ரகசியம்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த நத்தை வைத்தியம் பத்திரமாகப் பிழைத்துக்கொண்டது. ஒருவேளை உண்மையாகவே ஏதாவது மூலிகை இருந்திருக்கக்கூடிய ரகசிய மருந்துகள் பல, சொந்தக்காரர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன. பாதுகாக்க வேண்டும் என்று போட்ட விதியே பறிகொடுக்கவும் செய்தது.

எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவும் இல்லை. கிளேர் மாவட்டத்தின் ஃபீக்கில் ஊரில் பிடி எர்லி என்ற பெண்மணி ஒரு நீலநிறப் புட்டியைப் பார்த்துக் குறி சொல்லி மூலிகை கொடுத்து வந்தார். காசு வாங்கமாட்டார், விஸ்கியும் தின்பண்டமும் வாங்கிக்கொள்வார். பாதிரியார்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. 1865இல், 1586ஆம் வருடத்துச் சூனியச் சட்டத்தின் கீழ் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சாட்சி சொல்ல ஆள் கிடைக்காமல் வழக்குப் பிசுபிசுத்தது. 1874இல் அவர் இறந்ததும் புட்டி ஏரிக்குள் போனது. கிளேர் ஹர்லிங் அணி 1914க்குப் பிறகு 81 வருடம் தேசியக் கோப்பையைத் தொட முடியாமல் தவித்ததற்கும் அவர் சாபமே காரணம் என்றார்கள். அந்தப் போட்டியை நடத்தும் சங்கம் தொடங்கியதே அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 1884இல்தான்.

டிப்பரரியில் நடந்தது வேடிக்கையாக முடியவில்லை. 1895 மார்ச் மாதம் பாலிவாட்லீ கிராமத்தில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் காய்ச்சலில் படுத்தார். டாக்டரும் பார்த்தார், பாதிரியாரும் வந்தார். ஆனால் அவள் தன் மனைவி அல்ல, அவளைத் தேவதைகள் கவர்ந்துபோய் வேறொருத்தியை வைத்துவிட்டார்கள் என்று கணவன் மைக்கேல் நம்பினான். நாட்டு வைத்தியர் ஒருவரிடம் மூலிகை வாங்கி, பாலில் கொதிக்கவைத்து, உறவினர்கள் பிடித்துக்கொள்ள வலுக்கட்டாயமாகப் புகட்டினான். அடுத்த நாள் இரவு அவள் எரிக்கப்பட்டாள். கணவன் 15 வருடம் சிறையில் இருந்தான். மருவுக்கும் சுளுக்கும் இருக்கும்வரை பாட்டி வைத்தியத்தால் பாதகமில்லை. அது தன் எல்லையைத் தாண்டியபோது என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து இன்னமும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறது.

போஹோவின் மண்ணுக்கு விஞ்ஞானத்தின் பார்வை கிடைத்தது 2018இல். வேல்ஸிலுள்ள ஸ்வான்சீ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஆராய்ச்சிக் குழுவில் ஜெர்ரி க்வின் என்பவர் இருந்தார். முன்பு போஹோ பகுதியில் வாழ்ந்தவர், மண்ணின் பெருமையைக் கேள்விப்பட்டவர். காரத்தன்மை மிகுந்த அந்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய பாக்டீரியா வகை கிடைத்தது. காசநோய்க்கு 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த அதே இனம். இதற்கு நறுமணம் உண்டு. அதனால் வாசனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைரோஃபோரியா என்று பெயர் வைத்தார்கள். மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளில் முதல் ஆறில் நாலின் வளர்ச்சியை இது ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. மருத்துவமனைகளை நடுங்கவைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் அந்த நாலில் ஒன்று.

செய்தி உலகம் சுற்றியது. பாட்டிகள் ஜெயித்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொஞ்சம் நிதானம் தேவை. கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுப்பது ஒன்று, மனித உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு. கண்டுபிடிப்பு வெளியாகி வருடங்கள் ஓடியும் அதிலிருந்து ஒரு மாத்திரைகூடக் கடைக்கு வரவில்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம் உலகெங்கும் மண்ணில் இருக்கிறது. மழை பெய்ததும் எழுகிற மண்வாசனைக்கே அதுதான் காரணம். மேலும், துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்த மண்ணிலிருந்து பாக்டீரியா எப்படிப் பல்லுக்கு ஏறும் என்பதற்கு எந்த ஆய்வும் விடை தரவில்லை. விஞ்ஞானம் மண்ணுக்குத்தான் சான்றிதழ் கொடுத்தது, தலையணைக்கு அல்ல. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற மண்ணுக்கும் நாலு நாள் கணக்கு பொருந்துமா என்பது தனி விவகாரம்.

அயர்லாந்து இதற்கிடையில் பணக்கார நாடாகிவிட்டது. ஐரோப்பாவின் பெரிய மருந்துக் கம்பெனிகள் பலவற்றுக்கு அங்கே தொழிற்சாலைகள் உண்டு. நடுக்கோடையில் பறித்து வீட்டில் வைக்கும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் மூலிகையை, வேறு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து என்பதால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2000இல் அரசு உத்தரவிட்டது. புனித பிரிஜித்தின் நாளுக்கு முந்தைய இரவு வாசலில் துணித்துண்டைத் தொங்கவிட்டு, பனியில் நனைந்த அதை வருடம் முழுதும் தலைவலிக்குக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2023 முதல் அந்த நாளுக்கு அரசு விடுமுறையும் சேர்ந்துகொண்டது.

குணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அக்கி வந்தவருக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தருவார், நோயாளி அதையும் விழுங்கிவிட்டு மாலையில் பண்ணை வீட்டுக் கதவையும் தட்டுவார். அங்கே அவரை உட்காரவைத்து, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள், தேநீர் தருவார்கள். அவசரமில்லாத இந்த அரைமணி நேரம்தான் மருந்தின் பெரும்பகுதி என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. பிள்ளைகள் டப்ளினுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போய்விட்டதால் வாங்கிக்கொள்ள ஆளில்லாத குடும்பங்கள் பல. தொலைபேசியிலேயே பெயரைக் கேட்டுக்கொண்டு காரியத்தை முடிப்பவர்களும் உண்டு. சம்பிரதாயக்காரர்கள் இதை ஆட்சேபிக்க முடியாது. ரத்தத்தை நிறுத்தும் வார்த்தைக்கு நோயாளி நேரில் வர வேண்டும் என்று என்றைக்குமே இருந்ததில்லை, பெயர் தெரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத நகரத்துத் தாய்மார்களிடம் புதிதாக ஒரு வைத்தியம் வேரூன்றிவிட்டது. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் செவன் அப். பச்சைப் புட்டியைத் திறந்து கோப்பையில் ஊற்றி, வாயு முழுதும் போகிற வரை கரண்டியால் கிளற வேண்டும், சிலர் லேசாகச் சூடும் காட்டுவார்கள். டாக்டர்கள் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர்தான் நல்லது என்கிறார்கள். யாரும் கேட்பதாக இல்லை. ஏழாவது மகன் தேவையில்லை, வெள்ளைக் குதிரை தேவையில்லை. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது மட்டும் புதுசு.